ஊர் இளையது, கரை முதியது: ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தை வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

ராமநாதபுரம் அரண்மனைக்குள் இருக்கும் ராமலிங்க விலாசம் சேதுபதி மன்னர்களின் பழைய அரசவைக் கூடம்; இப்போது அருங்காட்சியகம். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் ராமேசுவரம் போகிற வழியில் இறங்கியவர்கள். கையில் அரைமணி நேரம் இருக்கும். தூண், ஓவியம், வாள், பானையோடு என்று ஒரு சுற்று, பிறகு வெளியே டீ. வண்டி ஏறும்போது மனதில் நிற்பது ஒற்றை வரி: "சங்க காலத்திலிருந்து சேதுபதிகள் ஆண்ட ஊர்."

அந்த வரியில் இரண்டு பிழை. பெட்டிக்குள் இருக்கும் சங்க காலப் பானையோடுகள் இந்த ஊரில் தோண்டி எடுத்தவை அல்ல. கிழக்கே வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், அழகன்குளத்தில் கிடைத்தவை. சேதுபதிகளுக்கும் முதலில் தலைநகர் போகலூர். ராமநாதபுரம் தலைநகரானது 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். ஆக, ஒரே கூரையின் கீழ் பக்கம் பக்கமாக இருக்கும் இரண்டு பொருள்களுக்கு நடுவே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. கூடம் அதைச் சொல்லாது, ஏனென்றால் இல்லாததைப் பெட்டியில் வைக்க முடியாது. பார்க்கிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்தப் பிழை எங்கே நுழைகிறது, எந்தப் பொருளிடம் எதைக் கேட்டால் அது விலகும் என்பதுதான் இந்த ஆய்வு.

கட்டடம்

பெட்டிகளுக்கு முன்னால் கட்டடத்தைப் பார்க்க வேண்டும். இருப்பதிலேயே பெரிய காட்சிப்பொருள் அதுதான். கட்டியவர் 1710 வரை ஆண்ட ரகுநாத கிழவன் சேதுபதி. கீழக்கரை வணிகர் சீதக்காதி இதற்குத் துணை நின்றார் என்பது அந்தப் பக்கத்து வழக்கு. 1978 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் ஓவியத்தை நிமிர்ந்து பார்க்காமல், முதலில் தரையைப் பாருங்கள். தூண் வரிசை கொண்ட பெரிய கூடம். அதற்கு அடுத்து உயர்ந்த தளத்தில் அதைவிடச் சிறிய கூடம். அதற்கும் உள்ளே அறை. தரை எங்கெங்கே உயர்கிறது என்று எண்ணிக்கொண்டே போனால் இந்த அமைப்பை எங்கே பார்த்திருக்கிறோம் என்பது புரிந்துவிடும். மகாமண்டபம், அர்த்தமண்டபம், கருவறை. கோயிலில் சாமி இருக்கும் இடம் இங்கே ராஜாவுக்கு. செப்பேடுகளில் சேதுபதிகள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பட்டங்களில் 'சேதுமூல ரட்சா துரந்தரன்', 'ராமநாதசுவாமி காரிய துரந்தரன்' என்று வரும். சேதுவைக் காப்பவன், ராமநாதசுவாமியின் காரியத்தைச் சுமப்பவன் என்று அர்த்தம். செம்பில் எழுதிய பட்டத்தைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுப்பினால் இந்தக் கூடம் வரும். இதைப் பிடித்துக்கொண்டால் சுவர் ஓவியங்களில் பாதி தானாகவே விளங்கும்.

பானையோடு

அழகன்குளம் கடலிலிருந்து சுமார் 3 கி.மீ. உள்ளே இருக்கிறது. மாநிலத் தொல்லியல் துறை அங்கே 1986–87இல் தொடங்கி 1990களில் பல முறையும், பிறகு 2014–15, 2016–17 ஆண்டுகளிலும் அகழ்ந்தது. அங்கே கிடைத்தவற்றில் பெருவாரி உடைந்த ஓடு. பொன்னும் சிலையும் தேடி வருகிறவர் ஒரு நிமிடத்தில் கடந்து போய்விடுவார். ஆனால் இந்தக் கூடத்தில் பொய் சொல்லத் தெரியாத சாட்சி அது ஒன்றுதான். யாரும் எதிர்காலத்துக்குக் காட்டுவதற்காக உடைந்த பானையைத் தூக்கிப் போடுவதில்லை.

முதலில் கருப்பு-சிவப்பு ஓடு. உட்புறமும் விளிம்பும் கருப்பு, வெளிப்புறத்தின் கீழ்ப்பகுதி சிவப்பு. இரண்டு சாயம் அல்ல, ஒரே மண்தான். சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது, காற்றுப் படாத உட்புறம் கருக்கிறது, காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவக்கிறது. தமிழ்நாட்டில் எங்கு தோண்டினாலும் வருகிற உள்ளூர்ச் சரக்கு இது. அழகன்குளத்தில் ஆட்கள் குடியிருந்தார்கள், சமைத்தார்கள் என்பதற்கு மேல் இது பெரிதாக ஒன்றும் சொல்லாது.

அடுத்து, அட்டையில் 'ரௌலட்டட்' என்று எழுதியிருக்கும் ஓடு. நைசான மண், மெல்லிய சுவர், வழவழப்பான மேல்பரப்பு. சாம்பல் அல்லது கருப்பு நிறம். தட்டின் உள்பக்கம், நடுவைச் சுற்றி வட்ட வட்டமாக ஊசி நுனியளவு பள்ளங்கள் வரிசை கட்டியிருக்கும். 1945இல் புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் நடந்த அகழாய்வுக்குப் பிறகு இதை ரோமானியப் பானை என்றே பலகாலம் சொன்னார்கள். இப்போது இது இந்தியாவிலேயே செய்து கிழக்குக் கரையோரமாகப் பரவிய பானை என்பது பெரும்பாலோர் முடிவு. பழைய புத்தகத்தைப் படித்துவிட்டு வருகிற வழிகாட்டி இன்னமும் "ரோமன் பானை" என்பார். திருத்த வேண்டிய முதல் இடம் இது.

அப்படியானால் ரோமானியத் தொடர்புக்கு எது சாட்சி? ஆம்போரா. மத்தியதரைக் கடல் நாடுகளில் மதுவும் எண்ணெயும் மீன் சாறும் அனுப்பிய, இரண்டு கைப்பிடி உள்ள ஜாடி. ஓடு தடிப்பாக, சொரசொரவென்று இருக்கும். அதோடு காசு. அழகன்குளத்து ரோமானியக் காசுகளில் 375 முதல் 392 வரை ஆண்ட இரண்டாம் வாலண்டினியனின் காசும் உண்டு. விரல் நகத்தளவு செம்பு. ரோமானியர் என்றாலே பொற்காசு என்று நினைத்து வருகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் பழைய துறைமுகமான அழகன்குளத்தின் பிந்திய காலத்தை 4ஆம் நூற்றாண்டு வரை இழுத்துக் காட்டுவது இந்தத் தேய்ந்த செம்புதான்.

அழகன்குளத்து ஓடுகளிலேயே பேர்பெற்றது, மூன்று பாய்மரக் கப்பலைக் கீறிய சில்லு. ரோமானிய உலகின் பெரிய சரக்குக் கப்பல் வகை என்று லயனெல் காசன் என்ற கப்பல் வரலாற்று அறிஞர் அடையாளம் சொன்னார். இதில் ஒரு நுணுக்கம். பானை சுடுவதற்கு முன் கீறியதா, பின் கீறியதா என்று கேட்க வேண்டும். ஈர மண்ணில் கீறினால் கோட்டின் ஓரம் மழுங்கி, கரையில் மண் சற்று ஒதுங்கியிருக்கும். சுட்ட பிறகு கீறினால் ஓரம் உதிர்ந்து கூர்மையாக, கோடு வெளிறித் தெரியும். சுட்ட பிறகு கீறிய கோடு என்றால், வரைந்தவர் குயவராக இருக்க வேண்டியதில்லை; பானையைக் கையில் வைத்திருந்த யாராகவும் இருக்கலாம். தமிழி என்ற பழைய தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளுக்கும் இதே சோதனைதான். கண்ணாடிக்குள் இருப்பது அசலா, நகலா, படமா என்பதைப் பணியாளரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நகலில் இந்தச் சோதனை செல்லாது.

சங்கு வளையல் துண்டுகளையும் விட்டுவிடாதீர்கள். மன்னார் வளைகுடாச் சங்கைக் குறுக்கே வளையம் வளையமாக அறுத்தால் வளையல்; நடுத்தண்டும் நுனியும் கழிவு. வளையல் மட்டும் கிடைத்தால் அணிந்தவர்கள் இருந்தார்கள் என்று பொருள். கழிவும் சேர்ந்து கிடைத்தால் அறுத்த பட்டறையே அங்கு இருந்திருக்கிறது. எந்தத் தோண்டலிலும் குப்பைதான் தொழிலைக் காட்டிக்கொடுக்கும்.

நடுவில் விழுந்த பள்ளம்

வாலண்டினியன் காசுக்கும் கிழவன் சேதுபதி கட்டிய சுவருக்கும் நடுவில் சுமார் 1,300 ஆண்டு. கரை அப்போது தூங்கிக்கொண்டிருக்கவில்லை. தெற்கே பெரியபட்டினத்தில் 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. பச்சை மெருகிட்ட செலடானும் நீலக்கோடு போட்ட வெள்ளைப் பீங்கானும் அதில் உண்டு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு செய்தது. அந்தப் பட்டினம் பாண்டியர் கல்வெட்டில் பவித்திரமாணிக்கப்பட்டினம் என்று வருகிறது. திருப்புல்லாணிக் கோயிலின் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, அங்கிருந்த சோனகர் (முஸ்லிம்) பள்ளிக்குக் கொடுத்த நிலத்தைப் பற்றிப் பேசுகிறது. பெருமாள் கோயில் சுவரில் பள்ளிவாசலுக்கான ஆவணம். ராமநாதபுரத்திலிருந்து திருப்புல்லாணி சுமார் 10 கி.மீ.; பள்ளத்தை நிரப்ப அங்கே போவது தவிர வேறு வழியில்லை.

இந்தப் பள்ளத்தில் விழுகிற இன்னொரு பொருள் 'சேது' என்று தமிழில் எழுதி, காளை பொறித்த காசு. எந்தக் காட்சியகத்தில் கண்டாலும் "சேதுபதி காசு" என்று உடனே சொல்லிவிடுவார்கள். அந்தக் காசுகள் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளுடையவை. சேதுபதி ஆட்சிக்கு முந்தியவை. சொல் ஒன்று, அடித்தவர் வேறு.

சுவர்

ஓவியங்கள் கிழவனுக்குப் பின் வந்து 1725 வரை ஆண்ட முத்துவிஜய ரகுநாத சேதுபதியின் காலத்தவை. ராமாயணத்தின் பால காண்டம், கண்ணன் கதை, பெண் உருவங்களாலேயே ஆன யானை எல்லாம் உண்டு. காட்சிக்குப் பக்கத்தில் தமிழில் பெயர் எழுதியிருப்பார்கள். கதை தெரிந்தவர்கள் ரசித்துக்கொள்ளலாம். ஊர் வரலாற்றுக்கு வேண்டியவை நான்கு காட்சிகள்: ராஜராஜேஸ்வரி அம்மன் சேதுபதிக்குச் செங்கோல் கொடுப்பது, மதுரை நாயக்கர் விஜயரங்க சொக்கநாதர் அவருக்கு ரத்தினாபிஷேகம் செய்வது, தஞ்சை மராத்தியரோடு போர், தொப்பியும் கோட்டுமாக ஐரோப்பியர் அவரைச் சந்திப்பது.

ஓவியத்தில் ஆண்டு இல்லாவிட்டாலும் காலத்தைக் கணக்கிடலாம். காட்சியில் வருகிற ஆட்களின் ஆட்சிக்காலங்களைத் தாளில் ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோடு போடுங்கள். விஜயரங்க சொக்கநாதர் 1706–1732. தஞ்சையின் முதலாம் சரபோஜி 1712–1728. முத்துவிஜய ரகுநாதர் 1725 வரை. மூன்று கோடும் ஒன்றின் மேல் ஒன்று படிகிற பகுதி 1712க்கும் 1725க்கும் நடுவே. போர்க்காட்சி சொல்லும் நிகழ்ச்சிக்கு அந்தப் 13 ஆண்டுதான் இடம். ஐந்து நிமிட வேலை. ஆனால் இது காட்டுவது நிகழ்ச்சியின் காலத்தை. சாயம் பூசிய நாளை அல்ல. இதைப் பிரித்துப் பார்க்காமல் கட்டுரை எழுதுகிறவர்கள் நிறைய.

இங்கே வழக்கமாகச் சறுக்கும் இடம் 'சரபோஜி' என்ற பெயர். கேட்டவுடன் சரஸ்வதி மகால் நூலகத்தோடு பேர் சேர்ந்த இரண்டாம் சரபோஜி நினைவுக்கு வருவார். அவர் 1798இல் பட்டத்துக்கு வந்தவர். அவரைச் சுவரில் ஏற்றினால் முக்கால் நூற்றாண்டு தவறிவிடும்.

இனி, அந்தக் காட்சிகள் ஏன் வரையப்பட்டன என்று கேட்க வேண்டும். கிழவன் சேதுபதி மதுரைக்குக் கட்டுப்பட்டிருந்த நிலையை உதறியவர். 1702இல் ராணி மங்கம்மாள் அனுப்பிய படையைத் தோற்கடித்தவர். அவருக்கு அடுத்து வந்தவரின் சுவரில், மங்கம்மாளின் பேரன் விஜயரங்க சொக்கநாதர் சேதுபதிக்கு ரத்தினம் சொரிகிறார். செங்கோலோ மதுரையிலிருந்து வரவில்லை, அம்மனிடமிருந்து வருகிறது. அதிகாரம் தேவி கொடுத்தது, மரியாதை மதுரை கொடுத்தது. இதுதான் அந்த இரண்டு காட்சியும் சேர்ந்து சொல்ல வருவது. பானையோடு போல இது தற்செயலாகக் கிடந்த சாட்சி அல்ல. அரசர் பணம் கொடுத்து வரையவைத்த வாக்குமூலம். அதனால் மதிப்புக் குறையாது. படிக்கும் முறைதான் மாறும். "இது நடந்ததா?" என்று கேட்பதைவிட "இதை யார் பார்க்க வேண்டும் என்று நினைத்தார்கள்?" என்று கேட்பது பலன் தரும்.

படம் எடுக்கிறவர்களுக்கு: அனுமதி உண்டா என்று கேளுங்கள், உண்டென்றாலும் பிளாஷ் வேண்டாம். மேல்பரப்பில் வெளிச்சம் பட்டுத் திரும்பி, மெல்லிய கோடும் எழுத்தும் காணாமல் போகும். பகல் வெளிச்சத்தில், சுவருக்கு நேர் எதிரே நின்று, முதலில் முழுக் காட்சி, பிறகு எழுத்து மட்டும் என்று இரண்டு படம் எடுத்தால் வீட்டில் நிதானமாகப் படிக்கலாம்.

உப்பு

ஓவியத்தின் கீழ்ப்பகுதிகள் எங்கும் முதலில் அழிவதற்குக் காரணம் உண்டு. கடலோர மண்ணில் இருக்கும் ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு சுவருக்குள் மேலே ஏறும். வெயிலில் ஈரம் ஆவியாகும். உப்பு அங்கேயே தங்கிப் படிகமாகும். படிகம் வளர இடம் வேண்டும்; பூச்சைத் தள்ளும். முதலில் வெள்ளையாகப் பூக்கும், பிறகு சுவர் பொரியும், பிறகு சாயத்தோடு பூச்சு கொட்டும். ஒவ்வொரு மழைக்கும் வெயிலுக்கும் இது திரும்ப நடக்கும். இதற்கு மேல் சிமெண்ட் பூசினால் இன்னும் மோசம். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும், சிமெண்ட் விடாது. அடைபட்ட ஈரம் சிமெண்டைத் தாண்டி மேலே போய், அதுவரை நன்றாயிருந்த ஓவியத்தின் பின்னால் உப்பை இறக்கும். பழைய சுண்ணாம்புச் சுவரில் சாம்பல் நிற ஒட்டைப் பார்த்தால் அதற்கு மேலே ஒரு முழம் உற்றுப் பாருங்கள்.

ஓவியம் காணாமல் போன இடத்தை "அங்கே ஒன்றும் வரையவில்லை" என்று குறிப்பெழுதிவிடக்கூடாது. காட்சி பாதியில் அறுந்திருக்கிறதா, ஓரக்கோடு இருக்கிறதா என்று பார்த்த பிறகே எழுத வேண்டும்.

செம்பு

சேதுபதிகள் கோயிலுக்கும் மடத்துக்கும் பள்ளிவாசலுக்கும் நிலம் கொடுத்த செப்பேடுகள் பல. பட்டப் பெயர்களின் நீண்ட வரிசையைத் தாண்டிப் போனால் ஆண்டு வரும். எடுத்துக்காட்டாக ௲௬௱௪௰௫ என்று இருந்தால்: ௲ ஆயிரம், ௬௱ அறுநூறு, ௪௰ நாற்பது, ௫ ஐந்து, சக ஆண்டு 1645. 78ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு 1723. பக்கத்தில் சோபகிருது வருஷம் என்று இருந்தால் கணக்கு சரி. சரிபார்ப்பது சுலபம்: 2023இல் தொடங்கியது சோபகிருது, அறுபது அறுபதாகக் கழித்தால் 1963, 1903, 1843, 1783, 1723. மாதம் தை முதல் பங்குனி வரை ஒன்றாக இருந்தால் ஆங்கில ஆண்டு ஒன்று கூடும். சக எண்ணும் வருஷப் பெயரும் ஓராண்டு முன்பின்னாக இருந்தால் வருஷப் பெயரை நம்புங்கள். நடக்கிற ஆண்டா, முடிந்த ஆண்டா என்ற குழப்பம் சக எண்ணில்தான் வரும். பல ஆண்டு விலகினால் செப்பேட்டையே சந்தேகிக்க வேண்டும். பிற்காலத்தில் நில வழக்குக்காகச் செய்த போலிகள் தமிழ்நாட்டில் குறைவில்லை.

வாளும் வளரியும்

ஆயுதப் பெட்டி பிள்ளைகளுக்குப் பிடித்த இடம். வளரியைக் கண்டதும் "எறிந்தால் திரும்பி வரும்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். பிறை போல வளைந்து, ஒரு முனை கனத்த இந்த ஆயுதம் மானின் காலையோ ஓடுகிறவன் காலையோ அடித்து வீழ்த்துவதற்கு. இலக்கில் பட்டால் போதும்; திரும்பி வர வேண்டியதில்லை. 1801இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி தெற்கத்திப் பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தது. பெட்டிக்குள் வளரி அருமையாகிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

அரசு ஜமீனான கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1772இல் ஆற்காட்டு நவாபும் கம்பெனியும் கோட்டையைப் பிடித்துச் சிறுவனான முத்துராமலிங்க சேதுபதியைத் திருச்சியில் சிறைவைத்தார்கள். 1781இல் விட்டார்கள், 1795இல் மீண்டும் பிடித்தார்கள். 1809இல் சிறையிலேயே இறந்தார். 1803இல் அவர் சகோதரி மங்களேஸ்வரி நாச்சியார் பெயரில் ஜமீன். படங்களில் நீங்கள் பார்க்கும் பிற்காலச் சேதுபதிகள் ஜமீன்தார்கள். சுவரில் இருப்பவர் அரசர். இரண்டு பட்டமும் ஒரே பெயரில் வருவதால் பார்வையாளர் வித்தியாசத்தைத் தவறவிடுகிறார்.

செய்முறை

இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் என்றால் ஆறு பேருக்கு ஒரு குழு; அதற்கு மேல் போனால் பெட்டிக்கு முன்னால் பின்வரிசைக்கு ஒன்றும் தெரியாது. ஒரு குழுவுக்கு எட்டே பொருள். தாளில் நான்கு பத்தி: என்ன பொருள், எங்கே கிடைத்தது, எந்தக் காலம், யார் எதற்காகச் செய்தது. இரண்டாவது பத்தி காலியாக இருந்தால் அந்தப் பொருளை வைத்து ஊரைப் பற்றி எதுவும் எழுதக்கூடாது. பல ஊர்களிலிருந்து கொண்டுவந்து சேர்த்த சிற்பங்களில் இந்தப் பத்திதான் பெரும்பாலும் தகராறு செய்யும்.

அட்டையில் "ராமநாதபுரம் மாவட்டம்" என்று மட்டும் இருந்தால் எச்சரிக்கை. 1910இல் உருவான மாவட்டம் 1985இல் மூன்றாகப் பிரிந்தது. அதற்கு முந்திய குறிப்பு என்றால் பொருள் இன்றைய சிவகங்கையிலோ விருதுநகரிலோ கிடைத்ததாக இருக்கலாம்.

அடுத்த நாள் தாளைக் காலவரிசையில் அடுக்கினால் கூடத்தில் இடமில்லாதவை கண்ணில் படும். முத்துக் குளித்தவர்கள், கீழக்கரை மரைக்காயர்கள், அங்கே வந்த ஒல்லாந்தர் (டச்சுக்காரர்), 1693இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட போர்த்துகீசியப் பாதிரியார் ஜான் டி பிரிட்டோ. அரண்மனை தன் சுவரில் வரைந்துகொள்ள வேண்டிய தேவை இல்லாதவர்கள். கீழக்கரையின் பழைய ஜும்மா பள்ளியில் கோயில் தூண்களைப் போலவே செதுக்கிய கல்தூண்கள் நிற்கின்றன. ராமலிங்க விலாசத்தின் தூண்களைப் பார்த்த கண்ணோடு அவற்றையும் பார்க்க வேண்டும்.

அழகன்குளம் போவதென்றால் ராமேசுவரம் சாலையில் உச்சிப்புளி வந்து வடக்கே திரும்பலாம். மழைக்குப் பிறகு மேட்டில் ஓடுகள் வெளியே தெரியும். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால் உங்கள் தாளின் இரண்டாவது பத்தியை நீங்களே அழித்தவர் ஆவீர்கள். பக்கத்தில் ஒரு பேனாவை அளவுக்கு வைத்து, கிடந்தபடியே படம் எடுங்கள். போனில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காசோ விலைமதிப்புள்ள வேறு பொருளோ கண்டால் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்லுங்கள். மண்ணில் புதைந்து கிடந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம்.